சாமி வந்தது சரி, மலையேறியதா?

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்புறத்திலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். அவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

செம்பனைக் குலை லோரி ஓட்டிய கணவர் 14 மாதங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மதியம் 3 மணியிலிருந்து இரவு 11 மணி வரை வேலை. ஒரே மகள் ஈப்போவில் தாதியர் பயிற்சியில் இருக்கிறார். சாவு வீட்டுச் சந்தடி அடங்கியபின் தூக்கம் வராமல் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு குருஜியின் தியான வகுப்பில் சேர்ந்திருக்கிறார். தினமும் 3.30க்கு எழுந்து, நெற்றிப்பொட்டில் கவனம் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மூன்றாம் மாதம், கணவர் பூசிக்கொள்ளும் கோடாலித் தைலத்தின் வாசம் வீட்டில் அடித்தது. பிறகு பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு மங்கு கழுவும்போது தன் கைகளே யாருடைய கைகளோ போலத் தெரிந்தன. ஒருநாள் கூரையோரம் நின்று, கீழே உட்கார்ந்திருக்கும் தன்னைத் தானே பார்த்தார்.

தோட்டத்துக் காளியம்மன் திருவிழாவில் இவருக்குப் பல வருடமாகச் சாமி வரும். இப்போது திருவிழா இல்லாமலே வருகிறது. ஒருமுறை தொழிற்சாலைக் கழிவறையிலும் வந்துவிட்டது. குருஜி, குண்டலினி எழும்பிவிட்டது, மாத்திரை உடம்பை அசுத்தப்படுத்தும் என்றார். இவரும் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். அடுத்த நிலைத் தீட்சைக்கு 1,500 வெள்ளி கேட்கிறார்கள். மைத்துனர் அழைத்துவந்த பூசாரி செய்வினை என்கிறார். கழிப்பு எடுக்க 2,800 வெள்ளி. மகளோ, "இது மனநோய்ம்மா, டாக்டர்கிட்ட போவோம்" என்கிறாள். போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் போட்டுவிடுவார்களோ என்று பயம். கடைசியில் கேட்கிறார்: "இது ஆன்மீகமா, மனநோயா? ஆத்மாவும் ஆழ்மனமும் ஒன்றுதான் என்று குருஜி சொல்வது சரியா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரி,

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னிக்கவும். உங்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்ன மூன்று பேரால்தான் நீங்கள் இந்தப் பாடு படுகிறீர்கள்.

ஓரத்தில் எழுதிய அந்த வரி

மூன்றாம் பக்க ஓரத்தில், வேறு பேனாவில், சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "சில ராத்திரி அவர் வா வா என்கிறார். போய்விடலாம் போல இருக்கிறது." உங்கள் மற்றக் கேள்விகள் எல்லாம் காத்திருக்கும். இது காத்திருக்காது. அதனால் நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்றுகூட யோசித்துவிட்டீர்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பலரும் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது என்றுதான் என் எதிரில் உட்கார்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆமாம் என்பது பதிலானால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிடுங்கள். நள்ளிரவானாலும் பரவாயில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகலாகக் கூப்பிடலாம். கை மீறும் போலிருந்தால் 999, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நம் மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது.

மண்டோர் மாமாவும் ஒரு கோப்பி-ஓவும்

நான் பதிவு பெற்ற ஆலோசகன். டாக்டர் இல்லை, மருந்து எழுத எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன். சாமி வருவதை மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்து அறியவேண்டிய நிலை எனக்கில்லை.

எங்கள் தோட்டத்து மதுரை வீரனுக்கு ஆடுபவர் ஒரு மண்டோர், தோட்ட வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். உடுக்கை ஏறும்போது அவருடைய வலது கால் பெருவிரல் முதலில் துடிக்கும். நாங்கள் பையன்கள் முன்வரிசையில் குந்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் அந்தச் சத்தம், சுருட்டு, அரிவாள், குறி. கிழவிகள்கூடக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கடைசியில் கற்பூரம் காட்டித் திருநீறு பூசியதும் யாராவது ஒருவர் சொல்வார்: "மலையேறிடுச்சு." மண்டோர் மாமா பின்பக்கம் போய், கவிழ்த்துப் போட்ட பால்வாளிமேல் உட்கார்ந்து, "ஒரு கோப்பி-ஓ குடு" என்பார். முட்டி வலிக்கிறது என்று முனகுவார். விடியற்காலை பெரட்டுக் களத்தில் வழக்கம்போலப் பேர் கூப்பிடுவார். நேற்று வந்த சாமி அந்தக் குரலில் துளிகூட இருக்காது.

இந்த 'மலையேறுதல்' என்ற சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். வரவழைக்க ஒரு முறை, அனுப்பிவைக்க ஒரு முறை, சுற்றி நின்று தாங்கிக்கொள்ள நாலு பேர் என்று எல்லாவற்றையும் நம் ஆட்கள் வைத்திருந்தார்கள். மருத்துவ உலகம் இதைத் தாமதமாகத்தான் பிடித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், ஆவேசம் வருவதை ஒரு கோளாறு என்று சொல்ல நிபந்தனைகள் இருக்கின்றன: அது அவர் விரும்பாமல், கட்டுப்பாடு இல்லாமல் வரவேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக இருக்கக்கூடாது, அவரை வாட்டி, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவேண்டும். ஆக, திருவிழாவில் உங்களுக்கு இத்தனை வருடம் வந்த காளியம்மனை எந்த டாக்டரும் நோய் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவருக்குப் பாடம் போதவில்லை.

ஆனால் கழிவறையில் வந்தது? அங்கே உடுக்கை இல்லை, கற்பூரம் இல்லை, தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. அது எப்படி மலையேறியது என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். "மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை" என்று மட்டும் இருக்கிறது. வந்தது தெய்வமா மனமா என்ற வழக்கைத் தீர்க்க நான் தகுதியானவன் இல்லை. போனதா, போனபின் உங்களை உங்களிடமே திருப்பிக் கொடுத்ததா என்று கேட்கத் தெரியும். திருவிழாச் சாமி திருப்பிக் கொடுத்தது. இது கொடுக்கவில்லை.

தைல வாசமும் குரலும்

கணவரின் குரல் கேட்டதைப் பைத்தியத்தின் ஆரம்பம் என்று நினைத்துவிட்டீர்கள். மகளும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தக நோயெல்லாம் வீட்டு ஆட்களிடம் தெரியும், அது அந்த வயது. 1971இல் வேல்ஸில் டெவி ரீஸ் என்ற ஊர் டாக்டர், துணையை இழந்த 293 பேரைத் தேடிப் போய்ப் பேசினார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தும் கேட்டும் இருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாம் இதை ஆராய்ச்சி இல்லாமலே அறிந்தவர்கள். செத்தவர் வந்து நின்றதாகச் சொல்லும் வீட்டில் யாரும் யாரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குப் பயமாக இல்லை. "வா" என்பதுதான் பயம். குரல் கட்டளை போட ஆரம்பித்தால், ஊரே சதி செய்கிறது என்று தோன்றினால், தூங்காமலே உடம்பு தெம்பாகப் பறந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தைல வாசத்தைப் பற்றி ஒன்று. இல்லாத வாசம் திடீரென்று அடிப்பது துக்கத்தால் வரலாம். சிலருக்கு அது மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் முன்னறிகுறியாகவும் இருக்கும். கை கால் வெட்டி இழுக்காத வலிப்பும் உண்டு. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசம், அந்நியமாகத் தெரியும் கை, நினைவு தப்புவது மூன்றும் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் அந்த வரிசையிலேயே சொல்லவேண்டும். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தால் பனடோல்தான் கொடுப்பார்கள்.

கூரையோரம் நின்று பார்த்ததற்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2002இல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணின் மூளையைச் சோதித்தபோது, வலப்பக்கம் காதுக்குச் சற்று மேலே பின்னே இருக்கும் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். தான் மேலே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன்னைப் பார்ப்பதாக அவர் சொன்னார். உடம்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை மூளைதான் நொடிக்கு நொடி போட்டுக்கொண்டிருக்கிறது. கணக்குத் தடுமாறினால் நாம் கூரையில் இருப்போம். இதை வைத்து ஆத்மா இல்லை என்று நிரூபித்துவிட்டோம் என்று சொல்பவரும் அவசரக்காரர்தான். ஆனால் கூரையில் நின்றதாலேயே சமாதி கிட்டிவிட்டது என்று சொல்லவும் முடியாது.

கணக்கு ஏன் தடுமாறியது? வேலை முடிந்து, பஸ் பிடித்து, குளித்துப் படுக்க 12.30. எழுவது 3.30. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத் தூக்கம், அதுவும் மாதக்கணக்கில். துக்கம் இல்லாத ஆளுக்கும் இது போதும், சுவர் பேசும். விழிப்பும் கனவும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் அமுக்குவான் பேய் வந்து நெஞ்சில் உட்காருகிறது. தூக்கம் கெட்டவர்களிடம் அது அடிக்கடி வரும். இன்னொரு விஷயம், கொஞ்சம் கிண்டலாகவே சொல்கிறேன். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கும். பேராக்கில் சூரியன் எழ ஏழு மணி ஆகிவிடும். குருஜியின் சாத்திரப்படியே பார்த்தாலும் உங்களுக்கு முகூர்த்தம் ஐந்தரைக்குத்தான். எந்த ஊர்க் கடிகாரத்துக்காகவோ நீங்கள் இரண்டு மணி நேரத் தூக்கத்தைத் தானம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆத்மாவும் ஆழ்மனமும் ஒன்றா?

இல்லை. இதை மேல்நாட்டார் சொல்லவேண்டியதில்லை, நம் சைவ சித்தாந்தமே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் அந்தக்கரணங்கள். கரணம் என்றால் கருவி. அவை மாயையிலிருந்து வந்தவை, சடப்பொருள், உயிர் வேறு. பால்மரம் சீவும் கத்தி மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். அதனால் சீவுகிறவருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. மனம் என்ற கருவி நோய்ப்பட்டால் அதற்கு வைத்தியம் பார்ப்பதில் ஆத்மாவுக்கு என்ன அவமானம்? மனநல மருந்து ஆன்மாவை மூடிவிடும் என்று சொல்கிறவர், தான் பேசும் தத்துவத்தின் முதல் பாடத்தையே தவறவிட்டிருக்கிறார்.

நனவு, கனவு, உறக்கம், அதற்கும் அப்பால் துரியம், துரியாதீதம் என்று உயிரின் நிலைகளை நம் முன்னோர் ஐந்தாக வகுத்தார்கள். மனோதத்துவமும் விழிப்பையும் கனவையும் அளந்து படம் போட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்று விடுதலைக்குப் போட்ட வரைபடம், மற்றொன்று வைத்தியத்துக்குப் போட்டது. ஈப்போ போகிற பாதையைக் கேட்டால் காசி யாத்திரைப் படத்தைக் கொடுப்பதுபோல் ஆகிவிடக்கூடாது.

"உணர்வு என்றால் என்ன என்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று குருஜி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1998இல் கிறிஸ்டாஃப் காக் என்ற மூளை ஆராய்ச்சியாளர் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியோடு பந்தயம் கட்டினார்: மூளையில் உணர்வு எப்படி உண்டாகிறது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று. 2023இல் காக் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் வாங்கிக் கொடுத்தார். நிலைமை அப்படி. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம், மீதியைத் தீட்சை திறந்துவிடும் என்பதும் கதை. தூங்கும்போதுகூட மூளை முழுக்க வேலை செய்கிறது.

ஆன்மீகத்தையும் மனோதத்துவத்தையும் கலப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக்குள் புத்தர் வழித் தியானத்தைக் கொண்டுவந்தார். தீராத வலிக்காரர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி. இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது நடக்கிறது. நல்ல இடங்களில் முதலில் ஆளைப் பார்ப்பார்கள்: அண்மையில் சாவு நடந்ததா, தூங்குகிறாரா, குரல் கேட்கிறதா? உங்களிடம் இதில் ஒரு கேள்வியாவது யாராவது கேட்டார்களா?

இப்போது செய்யவேண்டியது

*மாத்திரை.* கணவரை மாரடைப்பில் பறிகொடுத்த வீட்டில் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம். படிக்கும்போது எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடிப்போன அழுத்தம் பக்கவாதத்தைக் கொண்டுவரும், சொல்லிக்கொண்டு வராது. நாளைக் காலையிலேயே அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். பழைய மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்; டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எந்த அளவில் தொடங்கலாம் என்று சொல்வார். தைராய்டு, சர்க்கரை, மாதவிலக்கு நிற்கும் காலமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

*தியானம்.* கண்ணை மூடி நெற்றிப்பொட்டில் நிற்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். சாமி குத்தம் ஆகாது. விளக்கேற்றி, கண் திறந்து, தேவாரம் வாய்விட்டுப் பாடுங்கள். வெறுங்காலில் வாசல் பெருக்குங்கள். கை அந்நியமாகத் தெரியும்போது பச்சைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிடுங்கள். ஏழு மணி நேரமாவது படுங்கள்.

*தஞ்சோங் ரம்புத்தான்.* உங்கள் ஊருக்குப் பக்கமாக இருப்பதால் பயமும் பக்கத்தில் இருக்கிறது. நம் வாயில் அந்த ஊர்ப் பேரே வசவாகிவிட்டது. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. கிளினிக்குக்குப் போகிற எல்லாரையும் அங்கே அனுப்புவதில்லை. பெரும்பாலோர் வெளிநோயாளியாக மருந்தும் ஆலோசனையும் பெற்று வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்க்க 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் வரையறை இருக்கிறது: டாக்டர் பரிசோதிக்கவேண்டும், அவருடைய உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ, பிறருடைய பாதுகாப்புக்கோ அது தேவைப்படவேண்டும். குரல் கேட்டது என்று சொன்னதற்காக மட்டும் யாரும் கதவைப் பூட்டமாட்டார்கள். நீங்கள் டாக்டரிடம் சொன்னதைத் தொழிற்சாலைக்குச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

*பணம்.* 1,500ம் வேண்டாம், 2,800ம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்வது, வகுப்பில் நடப்பதை மகளிடம் சொல்லாதே என்பது, சந்தேகம் கேட்டால் கர்மவினை என்பது, ஒவ்வொரு நிலைக்கும் விலை வைப்பது. இந்த நான்கில் இரண்டு இருந்தாலே நான் எழுந்து வந்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் நான்கும் இருக்கின்றன. ஆலோசகர் என்று போர்டு மாட்டுகிறவர்களிடமும் இதே கண்டிப்பு வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி நாங்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் நல்லதாகப் போயிற்று, அடுத்த ஆளைப் பாருங்கள்.

பூசாரியை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லமாட்டேன். மைத்துனருக்கு மனம் ஆறவேண்டும் என்றால் கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடட்டும், எந்த டாக்டரும் தடுக்கமாட்டார். கிளினிக்குக்குப் போய்வந்த பிறகு.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. முதல் வருடத் திவசத்தை நீங்கள் கொடுக்கவில்லை. சடங்கெல்லாம் கீழ்நிலை மனதுக்கு என்று குருஜி சொன்னதால் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் இறந்ததை ஊரோடு சேர்ந்து ஒரு முறை அழுது முடிக்க இருந்த நாள் அது. அந்த நாளில் நீங்கள் தனியாக அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். தேதி தவறினால் என்ன, குருக்களைக் கேட்டால் ஒரு அமாவாசையைச் சொல்வார். மகளுக்கு விடுப்பு கிடைக்கும் வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மைத்துனரைப் பிண்டத்துக்குச் சாமான் வாங்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை வேண்டும். லோரிக்காரக் கூட்டாளிகள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத கதைகள் அவர்களிடம்தான் இருக்கும். ஆற்றங்கரையில் அன்றைக்கு அவர் குரல் கேட்டால் பதில் சொல்லுங்கள், தப்பில்லை. வரமுடியாது, பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணவேண்டும் என்று சொல்லுங்கள்.